பழிச்சுவரில் ஒரு முகம்

அப்பெனைன் மலைமுடிகளில் முதல் வெண்பனி படிந்து, அங்கிருந்து இறங்கிய குளிர்காற்று ஒம்புரோனே ஆற்றின்மேல் கிடந்த மூடுபனியைக் கலைத்து, மதில்களைக் கடந்து, கொல்லர் தெருக்களில் அப்போதுதான் மூட்டப்பட்ட உலைகளின் கரும்புகையோடு கலந்து, பிசுத்தோயா நகரின் நடுமன்றில் வந்து அடங்கும் விடியற்பொழுது அது. ஒருபுறம், வெண்கல்லும் கருங்கல்லும் மாறி மாறி அடுக்கிய பெருங்கோயில். அதனருகே வானளாவி நின்ற மணிக்கூண்டு. எதிரே நகராள்வோர் கூடும் அரண்மனை. இவற்றின் நடுவே, கடை விரிக்கும் பெண்டிரும், கழுதைகளை அதட்டும் மலைநாட்டாரும், காட்டுக்கொட்டையை அரைத்த மாவில் அடை சுட்டு விற்போரும் நெருங்கி நிறைந்த சந்தை. இத்தனையும் கண்டு மகிழ்ந்த கண், அரண்மனையின் வடபுறச் சுவரை நோக்கிய அளவில் திடுக்கிட்டு நிற்கும். ஏனெனில் அச்சுவரில், ஒற்றைக் காலில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கவிடப்பட்டவராய், மாந்தர் பலர் வண்ணத்தால் தீட்டப்பட்டிருந்தனர். ஒவ்வொருவர் தலைக்குக் கீழேயும் அவரவர் பெயர் பெரிய எழுத்துகளில் பொறிக்கப்பட்டிருந்தது.

கற்றறிந்தீர், அன்பிற் சிறந்த ஊர்கள் உலகில் பல உண்டு. எம் ஊர் அவற்றுள் ஒன்றன்று. நகரைக் காட்டிக்கொடுத்துவிட்டுத் தப்பியோடியவனின் உடல் கைக்கு அகப்படாதபோது அவன் உருவத்தையேனும் தூக்கிலிட்டுப் பார்ப்பது எம் முன்னோர் கண்ட முறை. அதில் அவர்கள் மிகக் கண்டிப்பானவர்கள். எவனோ ஒருவன் தொங்குவதுபோல் வரைந்தால் செல்லாது. வழிப்போக்கன் ஏறிட்டுப் பார்த்தவுடன் இன்னான் இவன் என்று கண்டு காறித் துப்பும்படி மூக்கும் விழியும் முகவாயும் ஒத்திருக்க வேண்டும். உள்ளூர் ஓவியர் எவரும் இவ்வேலைக்குத் துணியார். தொங்குபவனின் சுற்றத்தாரிடம் கத்தி இருக்கும், எம் ஊர்க் கத்தியின் கூர்மையை எம் ஊரார் நன்கறிவர். ஆகவே வெளியூரிலிருந்து ஓர் ஓவியரை வரவழைப்பர். நகரை ஆளும் தலைவரும் வழக்கப்படி வெளியூரார். ஆண்டு முடியுமுன் மாறிவிடுவார். இங்ஙனம், குற்றவாளியைக் கண்ணால் காணாத ஒருவர் ஆணையிட, கண்ணால் காணாத மற்றொருவர் அவன் முகத்தை வரைய வேண்டிய இக்கட்டு எம் நகருக்கு அடிக்கடி நேர்ந்தது.

அத்தகைய இக்கட்டு ஒன்றில்தான் கத்திக்கொல்லன் மெயோ தன் தலையைத் தானே கொண்டுபோய் நுழைத்துக்கொண்டான். மெயோவுக்கு ஒரே ஒரு தமையன் இருந்தான். பந்தினோ என்று பெயர். ஓராண்டு முன்பின்னாகப் பிறந்த அவ்விருவருக்கும் ஒரே முகம்: அதே வளைந்த மூக்கு, அதே அடர்ந்த புருவம், அதே பிளந்த முகவாய். அம்முகத்தால் நன்மையெல்லாம் மூத்தவனுக்கும் அடியெல்லாம் இளையவனுக்குமே வந்து சேர்ந்தன. அத்திமரத்தில் ஏறிப் பழம் திருடியவன் பந்தினோ. தோட்டக்காரனின் பிரம்பு பதிந்தது மெயோவின் முதுகில். கன்னி ஒருத்திக்குச் சொல்கொடுத்துக் கைவிட்டவன் பந்தினோ. அவள் அண்ணன்மார் இருட்டுச் சந்தில் மடக்கி உதைத்தது மெயோவை. உதை வாங்கியபின் விலா வலிக்க வீடு வந்தவனைப் பார்த்து மூத்தவன் வயிறு குலுங்கச் சிரிப்பான். அந்தச் சிரிப்பை மெயோ ஒருநாளும் மறந்ததில்லை.

பின்னர்ப் பந்தினோ வாளெடுத்துப் படையிற் சேர்ந்து, மலைக்கோட்டை ஒன்றுக்குக் காவற்றலைவனாகி, காட்டில் கொட்டை உதிரும் காலத்தில் ஒருநாள், பகைவராகிய இலூக்கா நகரத்தாரிடம் பேசவேண்டியதைப் பேசி முடித்து, கோட்டை வாயிலைத் தன் கையாலேயே திறந்துவிட்டான். எதிர்த்து நின்ற காவலர் சிலரை இலூக்காப் படையினர் மதிலிலிருந்து உருட்டிவிட்டனர். உருண்டோருள் ஒருவன் சோனே. மெயோவின் மனைவி நெல்லாவுக்கு உடன்பிறந்த தம்பி. அவன் உடலை ஒரு கழுதையின் முதுகில் கிடத்திக் கொண்டுவந்தபோது, முன்னே நடந்து வந்த மெயோவைக் கண்டு, காட்டிக்கொடுத்த பாவிதான் வருகிறான் என்று மதிற்காவலர் கல்லை எடுத்தனர். அருகில் வந்த பிறகே கல்லைக் கீழே போட்டனர். அன்று மெயோவின் நெஞ்சில் மூண்ட சினம் பின்பு அணையவே இல்லை.

காட்டிக்கொடுத்தவனின் வீட்டை இடித்துத் தரைமட்டமாக்குவதும் எம் நகர் வழக்கம். ஆனால் அவ்வீடு உடன்பிறந்தார் இருவருக்கும் பொதுவாயிருந்தது. நகராள்வோர் அளவுகோலோடு வந்து, நேர்மை தவறாமல், வீட்டின் நடுவே கயிறு பிடித்து, பந்தினோவின் பாதியை மட்டும் கூரையிலிருந்து கடைக்கால் வரை இடித்துத் தள்ளிவிட்டு, மெயோவின் பாதியை அவனுக்கு விட்டுச் சென்றனர். படிக்கட்டு மூத்தவன் பாதியில் இருந்தமையால் அதுவும் போயிற்று. அன்றுமுதல் மெயோவும் நெல்லாவும் ஏணி வைத்து மாடியேறினர். பாதி அடுப்பும் பாதிப் படுக்கையறையும் தெருவுக்குத் திறந்து கிடந்தன. வாய்பிளந்த அந்த அறைக்குள் மழையடித்தபோதும் மெயோ முறையிடவில்லை. இடித்தது சரியே என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்நாளில்தான் கோரோ என்னும் ஓவியர், வண்ணக் கிண்ணங்களும் தூரிகைகளுமாய்ச் சியேனாவிலிருந்து வந்து சேர்ந்தார். வந்தவர் அரண்மனை வாயிலில் உட்கார்ந்து, பந்தினோவைக் கண்டவர் எவரேனும் அவன் முகத்தை விளக்குக என்று கேட்டார். ஒருவர் மூக்கு நீளம் என்றார். மற்றொருவர் குட்டை என்றார். இறைச்சிக் கடைக்காரி பெர்த்தா, அவன் கண்ணில் பேய் இருக்கும், அதை முதலில் வரையுங்கள் என்றாள். கோரோ தலையைச் சொறிந்துகொண்டிருக்கையில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மெயோ முன்னே வந்தான்.

“எதுக்கு இத்தன பேச்சு? என்னப் பாருங்க. அவன் மூஞ்சி இதுதான். பெத்தவளே வெளக்குப் புடிச்சுப் பாத்துத்தான் பேர் சொல்லுவா. நான் ஒக்காறேன், நீங்க வரைங்க.”

கோரோ எழுந்து, அவன் முகவாயைப் பற்றி இப்புறமும் அப்புறமும் திருப்பிப் பார்த்தார்.

“நெசமாவா சொல்ற? கூடப் பொறந்தவனத் தொங்கவிட நீயே மொகம் குடுக்கிறியா?”

“கூடப் பொறந்ததுதான் நான் செஞ்ச பாவம். வரைங்கய்யா.”

கூட்டம் ஆரவாரித்தது. ஊர்ப்பற்று என்றால் இதுவன்றோ என்று முதியோர் தலையசைத்தனர். ஒருவர் தேறல் வாங்கிக் கொடுத்தார். புகழ் தலைக்கேற வீடு வந்து ஏணியில் ஏறியவனை நெல்லா மேற்படியிலேயே மறித்தாள். தம்பியைப் பறிகொடுத்த கருப்பாடை அவள் மேலிருந்தது.

“உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? அந்தச் செவுத்துல இருக்கப்போறது யாரு மூஞ்சி?”

“பந்தினோ மூஞ்சி. கீழ பேர் எழுதுவாங்கள்ல?”

“இந்த ஊர்ல எத்தன பேருக்குங்க எழுத்துத் தெரியும்? அவன் இலூக்காவுல குந்திக்கிட்டுக் கோழி தின்னுக்கிட்டிருக்கான். இங்க தெருவுல நடக்கப்போறது நீங்க.”

“ஒன் தம்பியக் கொன்னவன் அவன். நெனவு இருக்குதா?”

“எனக்கு நெனவு இருக்கு. அதனாலதான் அவன் மூஞ்சியப் பாக்க வேணாங்கிறேன். நீங்க தெனமும் பாக்க வழி பண்றீங்க.”

அவன் கேட்கவில்லை. சினம் கொண்டவனுக்கு மனைவி சொல்லும் சொல் என்றைக்குக் காதில் ஏறியிருக்கிறது! மறுநாள் அவன் ஓவியர்முன் சென்று அமர்ந்தான். தமையனை நினைக்குந்தோறும் அவனுடைய மேலுதடு இடப்பக்கம் சுருண்டு, பல் தெரிய, வெறுப்பு நுரைக்கும். கோரோ தொழில் தெரிந்தவர். அதைக் கண்டுகொண்டு, “அந்த ஒதட்ட அப்பிடியே வெச்சுக்க, அசையாத” என்று சொல்லிச் சொல்லி வரைந்தார். மெயோ கழுத்து நோக, கண் வலிக்க, ஆனால் உவகை குறையாமல் அமர்ந்திருந்தான். படம் முடிந்து, சுவர்முன் கட்டியிருந்த திரை விலகியபோது, அவனே முதன்முதலாக ஓர் அழுகிய கிழங்கை எடுத்து அதன் மேல் வீசினான். அது தலைகீழாய்த் தொங்கியவனின் நெற்றியில் பட்டுச் சிதறியது.

அன்று பொழுது சாய்வதற்குள் கதை திரும்பிவிட்டது. கூட்டம் கலைந்து அவன் சந்தை வழியே வீடு திரும்பியபோது பெர்த்தா தன் குடல் தொட்டியை விட்டு எழுந்து வந்து, அவனுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, தன் தலையைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, இரு கால்களுக்கும் இடையே அவனைப் பார்த்தாள்.

“அடி ஆத்தீ! இப்பத்தான் சரியா இருக்கு! இந்தா, எல்லாரும் வந்து பாருங்க, பந்தினோ கயித்த அவுத்துக்கிட்டு எறங்கி வந்துட்டான்!”

சந்தை முழுவதும் கைகொட்டிச் சிரித்தது. மெயோவும் சிரித்தான், விளையாட்டு என்றெண்ணினான். மறுநாள் மூவர் குனிந்து பார்த்தனர். அடுத்த வாரம், அவன் நடுமன்றில் கால் வைத்த உடனே வரிசையாகக் குனிவது ஊருக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. வேறு வேலையற்ற ஊர் எம் ஊர். ஒருவனை அழவைக்க ஒரு வழி கிடைத்துவிட்டால் அதைத் தேய்ந்துபோகும் வரை விடமாட்டார்கள். பின்னர் நகைப்பு மறைந்து வேறொன்று வந்தது. மலையிலிருந்து புதிதாய் இறங்கிய ஆட்டிடையன் ஒருவன், சுவரையும் மெயோவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவன் முகத்தில் துப்பிவிட்டுப் போனான். கோட்டையில் மாண்ட காவலர் ஒருவரின் தாய் நாள்தோறும் சுவரருகே வந்து மாரடித்துக்கொள்வாள். அவள் அவனைக் கண்டால் அடிவயிற்றிலிருந்து அலறுவாள். அவள் அலறல் தொடங்கியவுடன் மெயோ ஓடி ஒளியக் கற்றுக்கொண்டான்.

தாடி வளர்த்துப் பார்த்தான்; குற்றமுள்ள நெஞ்சு மறைக்கப் பார்க்கிறது என்றனர். மழித்துப் பார்த்தான், படத்தைப் போலவே ஆகிவிட்டான். அவன் அடித்த கத்திகளைத் தூக்கி நிறுத்துப் பார்ப்போர், காட்டிக்கொடுத்தவன் முகத்தைப் பார்த்து வாங்கிய கத்தி வேளைக்கு உதவாது என்று திரும்ப வைத்துவிட்டுப் போனார்கள். எம் நகரின் காவலராம் தூய யாக்கோபின் திருவிழாவுக்கு முன்மாலையில் கொல்லர் கூட்டத்தார் பெரிய மெழுகுத்திரியைத் தோளிற் சுமந்து பெருங்கோயில் செல்வர். தன் தந்தை சுமந்த இடத்தில் தோள் கொடுக்க மெயோ போய் நின்றபோது கூட்டத்தலைவர் நெளிந்து குழைந்தார்.

“ஒன்னைத் தெரியாதா எங்களுக்கு? தங்கமான ஆளு. ஆனா தெருவுல நிக்கிறவன் கண்ணு என்ன பாக்கும் சொல்லு? திரியத் தூக்கிட்டுப் போறவன் யாருன்னு கேட்டா என்னத்தச் சொல்றது? இந்த வருசம் ஓரமா நின்னுக்க, மெயோ.”

அவன் ஓரமாக நின்றான். மறுநாள் ஆட்சித்தலைவர்முன் போய், சுவரிலுள்ள முகத்தை மாற்ற வேண்டுமென்று மண்டியிட்டான். குப்பியோவிலிருந்து வந்திருந்த அத்தலைவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சுவரிலிருப்பது நகரின் தீர்ப்பு, அதைத் தீண்டும் கை வெட்டப்படும், கீழே பந்தினோ என்றுதானே எழுதியிருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஓவியர் கோரோ அதற்குள் எம் ஊருக்கே குடிவந்திருந்தார். தூக்குப்படம் வரைபவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதால் அவரைக் கோயில் வேலைக்கு அழைப்பார் எங்கும் இல்லை. மெயோ அவர் கழுத்தைப் பிடித்தான்.

“மூக்கக் கொஞ்சம் நிமுத்துங்கய்யா. அந்த ஒதட்டயாவது நேராக்குங்க. அது அவன் ஒதடே இல்ல.”

“கைய எடு. எனக்குக் கை ரெண்டும் வேணும். நீயா வந்து ஒக்காந்த, நான் இழுத்துட்டு வரல. அந்த ஒதடு மாதிரி இதுக்கு முன்னால நான் ஒண்ணு வரைஞ்சதில்ல. அத அழிக்கச் சொல்றியே, பாவி.”

இப்படியாகச் சில ஆண்டுகள் கழிந்தன. மெயோ நடுமன்றைச் சுற்றிக்கொண்டு பின்சந்து வழியாகவே போகவும் வரவும் செய்தான். தன் முகத்தைத் தெருவில் கவலையின்றி ஏந்தி நடக்கும் ஒரு நாள் வேண்டும் என்பதைத் தவிர வேறு ஆசை அவனுக்கு இல்லாது போயிற்று. அந்நாள் வருவதுபோலவும் தோன்றியது. போரால் களைத்த இரு நகரத்தாரும் பேச்சு நடத்தினர். கோட்டை திரும்பக் கிடைத்தது. ஊர் ஊராய் அமைதி பேசித் திரிந்த துறவி ஒருவர் வந்து, நாடு கடத்தப்பட்டோர் திரும்பலாம், சுவர்ப்படங்கள் சுரண்டப்படும் என்று பெருங்கோயிற் படியில் நின்று அறிவித்தார். அதற்கு ஒரு முறையும் இருந்தது. பகைத்த இருவர் ஊரறிய, தூய யாக்கோபின் பீடத்தின்முன், வாயோடு வாய் முத்தமிட வேண்டும். முத்தமிட்டபின் பகையை மீண்டும் எழுப்புபவன் நகரையே காட்டிக்கொடுத்தவன் ஆவான். அவனுக்கும் இடித்த வீடும் சுவர்ப்படமும் உண்டு. மாண்ட சோனேவுக்கு நெருங்கிய ஆண் உறவினன் மெயோ. ஆகவே பந்தினோவை முத்தமிட வேண்டியவனும் மெயோவே.

“நான் மாட்டேன்” என்றான் மெயோ, பாதி அடுப்பின்முன் அமர்ந்து. “அவன் வாயில என் வாய வெக்கிறதுக்குப் பன்னித் தொட்டியில வெக்கலாம்.”

நெல்லா அடையைத் திருப்பிப் போட்டுவிட்டு அவன் எதிரே வந்து அமர்ந்தாள்.

“செத்தது என் தம்பி. நானே போயி அவன முத்தமிடணும்னாலும் போவேன். எதுக்குன்னு கேளுங்க. உங்க மூஞ்சி அங்கருந்து எறங்கணும். இந்த ஊர்ல நீங்க நிமுந்து நடந்து நான் பாத்து எத்தன காலமாச்சு! ஒரு நிமிசம் கண்ண மூடிக்கங்க. அவ்வளவுதான். அப்புறம் வீட்டுக்கு வந்து வாயக் கழுவிக்கலாம்.”

அவள் அழவில்லை, கணவனுக்காகக் கேட்டாள். மெயோ இசைந்தான்.

குறித்த நாள் வந்தது. கத்திகளையெல்லாம் வாயிலில் கழற்றி வைத்துவிட்டு ஊர் திரண்டு பெருங்கோயிலுள் நின்றது. வெளியே அரண்மனைச் சுவரில் ஏணி சாய்க்கப்பட்டு, சுரண்டுகோலும் சுண்ணாம்பு வாளியுமாய்க் கோரோ ஏவலுக்குக் காத்திருந்தார். பந்தினோ நடைவழியில் வந்தான். இலூக்காப் பட்டு உடுத்தி, கன்னம் சதைபிடித்து, வலப்புறமும் இடப்புறமும் வணங்கிச் சிரித்தவாறு வந்தான். அவனைக் கண்டு குனிவார் எவருமில்லை, துப்புவார் எவருமில்லை. பெர்த்தா எட்டிக் கை நீட்டி அவன் ஆடையைத் தொட்டுப் பார்த்தாள். அதையும் மெயோ பார்த்து நின்றான். குற்றம் செய்தவன் மணமகன் வருவதுபோல் வருகிறான். ஒரு குற்றமும் செய்யாத தான் இத்தனை ஆண்டும் பின்சந்தில் பதுங்கியிருக்கிறோம் என்னும் எண்ணம் அவனைத் தின்றது. ஆயினும் நெல்லாவை நோக்கினான். அவள் கண்ணை மூடிக்காட்டினாள். அவனும் மூடிக்கொண்டான்.

துறவி இருவர் கைகளையும் சேர்த்துவைத்தார். பந்தினோ தம்பியின் தோளைத் தழுவி, முத்தமிடக் குனிந்தவன், காதோரம் நின்று மெல்லச் சொன்னான்:

“ஊருக்குள்ள வரும்போது பாத்தேன்டா தம்பி. என்னவிட நீதான் அழகாத் தொங்குற.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். விலா வலித்த நாட்களில் கேட்ட அதே சிரிப்பு. மறுகணம் இருவர் வாயும் பொருந்தின. மெயோ கடித்தான். தமையனின் கீழுதட்டைப் பற்களுக்கிடையே இறுக்கி, தோட்டக்காரனின் பிரம்பையும், சந்தின் உதைகளையும், கழுதைமேல் கிடந்த சோனேயையும், குனிந்து பார்த்த தலைகள் அத்தனையையும் அந்த ஒரு கடியில் சேர்த்துக் கடித்தான். பந்தினோவின் ஓலம் வளைகூரையில் மோதியது. மூவர் பற்றி இழுத்தபின்பே மெயோ விட்டான். பீடத்தின் வெண்படியில் குருதி சொட்டியது. துறவி முகத்தை மூடிக்கொண்டார். கொடுமை என்னவென்றால், அந்த நொடியில் மெயோவுக்கு ஏற்பட்ட இன்பம் அவன் வாழ்நாளில் வேறெதிலும் ஏற்பட்டதில்லை.

அவ்வின்பம் கோயிலின் பக்கவாயிலைத் தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது. வாயெல்லாம் குருதியாய் ஓடி வந்தவனைக் கண்டு கூட்டம் அஞ்சி வழிவிட்டது. அதனால்தான் அவன் உயிர் தப்பினான். ஓடுகையில் நெல்லாவின் முகத்தை ஒருமுறை கண்டான். அவள் இன்னும் கண்களைத் திறக்கவே இல்லை. ஓசை கேட்டே அனைத்தையும் அறிந்துகொண்டு, மூடிய கண்களின்மேல் இரு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். இலூக்கா நோக்கிய வாயிலில் புகுந்து வெளியேறி, தோட்டங்களுக்கும் ஓடைகளுக்கும் ஊடாக ஓடினான். பிசுத்தோயாவின் பகைவனை ஏற்கும் ஊர் அதைவிட்டால் வேறேது?

இலூக்காவின் மதில்வாயிலில் காவலன் ஒருவன் ஈட்டியைத் தாழ்த்திவிட்டு முகம் மலர்ந்தான்.

“என்ன பந்தினோ, நேத்துத்தான் போன, அதுக்குள்ள வந்துட்ட? ஒங்க ஊர்ல சோறு போடலையா?”

 பெயரைத் திருத்தினால் உள்ளே விடமாட்டார்களோ என்று அஞ்சி, மெயோ தலையாட்டிவிட்டு உள்ளே நுழைந்தான். ஒரு கொல்லனிடம் கூலிக்கு அமர்ந்து குதிரை இலாடம் அடித்தான். கத்தி அடிக்க அவர்கள் விடவில்லை. பகலெல்லாம் உலையருகே இருந்தான். எவரும் குனிந்து பார்க்காத தெருக்களில் மாலை நேரம் நடந்து பார்த்தான். தன் முகத்தை எவரும் வெறுக்காத அவ்வூரில், அது தன் முகமாகவும் இல்லாதிருந்தது.

கொடிமுந்திரி அறுவடை முடிந்து, புதுத்தேறலின் மணம் தெருவில் வீசிக்கொண்டிருந்த காலத்தில் நெல்லா வந்து சேர்ந்தாள். ஒரு மூட்டையும், அவன் தந்தையின் சுத்தியலும் கொண்டுவந்திருந்தாள். பட்டறை வாயிற்படியில் அமர்ந்து, அவன் கொடுத்த நீரைக் குடித்து முடித்தபின்பே வாய் திறந்தாள்.

“நம்ம பாதியையும் இடிச்சுட்டாங்க. ஏணிய பெர்த்தா எடுத்துட்டுப் போயிட்டா.”

“போகட்டும்.”

“உங்க அண்ணன் ஒதடு ஆறிப்போச்சு. கொஞ்சம் கோணிக்கிச்சு. இடப்பக்கமா.”

மெயோ தந்தையின் சுத்தியலை எடுத்துப் பிடியைத் துடைத்தான்.  உலை ஓசையிட்டது. தலை நிமிராமலே கேட்டான்.

“செவுத்துல?”

“நீங்க ஓடின அன்னிக்கே தீர்ப்புச் சொல்லிட்டாங்க. ஏணி அங்கயேதான் இருந்துச்சு. கோரோவும் அங்கயேதான் இருந்தாரு. மேல ஏறல. கீழ் படியிலயே நின்னு பந்தினோங்கிற பேரச் சொரண்டிட்டு மெயோன்னு எழுதிட்டு எறங்கிட்டாரு. கோயில் மணி அடிச்சு ஓயறதுக்குள்ள வேல முடிஞ்சுது.”

“மூக்க... அந்த ஒதட்ட... ஒண்ணும் மாத்தலையா?”

நெல்லா அவனை நிமிர்ந்து பார்த்தாள். அத்தனை ஆண்டும் அடக்கிவைத்திருந்த சினம் அவள் குரலில் இல்லை. களைப்பு மட்டுமே இருந்தது.

“எதுக்குங்க மாத்தணும்? உங்களப் பாத்துத்தானே வரைஞ்சாரு.”

கற்றறிந்தீர், அதன்பின் அவ்வரண்மனையில் தலைவர் பலர் வந்தனர், போயினர். அமைதி முத்தங்களும் அவற்றை முறித்த கத்திகளும் எம் ஊரில் மாறி மாறி நடந்தன. மழையும் பனியும் அச்சுவரைத் தின்றன. முதலில் எழுத்து அழிந்தது, பிறகு கயிறு அழிந்தது, நெடுங்காலம் கழித்தே அந்த முகம் உதிர்ந்தது. பந்தினோ தன் ஊரில் மதிப்போடு வாழ்ந்து முதிர்ந்தான். சந்தையில் அவனைக் கண்டோர், சுவரிலிருப்பது இவர் தம்பியாம், பாவம், என்ன நல்ல மனிதருக்கு எப்படிப்பட்ட உடன்பிறப்பு என்று தமக்குள் பேசிக்கொண்டனர். மெயோ இலூக்காவிலேயே இறந்தான். அங்கே அவனைப் புதைத்தோர் எந்தப் பெயரைச் சொல்லிப் புதைத்தனர் என்பது நெல்லா ஒருத்திக்கே தெரியும். பகைவனைத் தூக்கிலிடும் பேராவலில் அளவும் பொருத்தமும் பார்க்கத் தன் கழுத்தையே நீட்டுவோர் எந்நாட்டிலும் எக்காலத்திலும் குறைந்ததில்லை. பந்தினோ என்னும் ஒருவன் அச்சுவரில் ஒருநாளும் தொங்கியதே இல்லை. சுருண்ட உதட்டோடும் தெரிந்த பல்லோடும், திரை விலகிய முதல்நாள் தொட்டே, அங்கே தொங்கியவன் மெயோதான்.